அமாவாசைக்குக் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர்: மாநகர் மன்றத்திடம் யார், எப்போது, எப்படிக் கேட்பது?

மலேசியாவின் பினாங்கு தீவில், ஜெலுத்தோங் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் அவர் கேட்பது இது: "மாநகர் மன்றம் பருவநிலை, பசுமை நகரம் என்று பேனர் வைக்கிறது. எங்கள் கார் நிறுத்துமிடத்திலோ வருஷத்துக்கு நாலு தடவை முழங்கால் தண்ணீர். மன்றத்துக்கு நாம் ஓட்டுப் போடுவதும் இல்லை. மரம் நடும் நாளில் போய் நிற்பதைத் தவிர எங்களைப் போன்றவர்கள் செய்ய ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது சகோதரி. நகரத் திட்டமிடல் வேலையில் பல வருஷம் கழித்தபின் சொல்கிறேன், பருவநிலை வேலையில் பெரும்பகுதி பேனரில் இல்லை. லோங்காங் (வடிகால் வாய்க்கால்), மரம், குப்பைத்தொட்டி, திட்ட வரைபடம் இவற்றில்தான் இருக்கிறது. அந்த இடங்களிலெல்லாம் பொதுமக்கள் நுழைய வழி உண்டு. பல வழிகள் சில வாரம் மட்டுமே திறந்திருக்கும் என்பதுதான் சிக்கல்.

உங்கள் தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். ஜெலுத்தோங் கடலோரம். மழை பெய்து வடிகிற தண்ணீர் கடலுக்குப் போயாக வேண்டும். அந்த நேரம் கடலே ஏறி நின்றால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, வந்த வழியே திரும்பி எதிர்க்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாளில் அலையேற்றம் அதிகம் என்பது மீனவர்களுக்கு மனப்பாடம், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியிலும் அந்த நாட்கள் போட்டிருக்கும். கடல்மட்டம் மெதுவாக உயர்ந்து, மழையும் கொஞ்ச நேரத்தில் மொத்தமாகக் கொட்டும் காலத்தில் இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் கடலோர நகரங்களின் தலைவலி. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் ஒரே இரவில் பினாங்கு தீவும் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையும் மூழ்கி ஏழு பேர் இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதனால் அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மழை தொடங்கிய நேரம், தண்ணீர் வாசலுக்கு வந்த நேரம், அன்றைய அலையேற்ற நேரம். நிறுத்துமிடத் தூண் ஒன்றில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது என்று தேதியோடு எழுதுங்கள், அந்தத் தூணைப் படம் எடுங்கள். மழை அளவும் ஆற்று மட்டமும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'இன்போ பஞ்சிர்' (வெள்ளத் தகவல்) இணையப் பக்கத்தில் அந்தந்த நேரத்துக்குக் கிடைக்கும். இப்படி நாலைந்து தடவை சேர்ந்ததும் ஒரு உண்மை தெரிந்துவிடும். கடல் இறங்கியிருக்கும்போதும் தண்ணீர் தேங்கினால் லோங்காங் அடைபட்டிருக்கிறது, இல்லை அளவு போதவில்லை. கடல் ஏறும்போது மட்டும் தேங்கினால் அடைப்பை எடுத்துப் பயனில்லை. கடல்முகத்து மதகு, பம்ப், தண்ணீரைக் கொஞ்ச நேரம் தாங்கி வைக்கும் குளம் என்று பேச்சு வேறு பக்கம் போகும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், யாரிடம் போவது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. உங்கள் அடுக்குமாடி வளாகத்துக்குள் இருக்கும் லோங்காங் உங்கள் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. வெளியே தெரு ஓரம் ஓடுவது மாநகர் மன்றத்துடையது. ஆறும் பெரிய வடிகாலும் வடிகால் நீர்ப்பாசனத் துறை. கூட்டரசுச் சாலை ஓரமாக இருந்தால் பொதுப்பணித் துறை. புகார்கள் ஒவ்வொரு மேசையாகச் சுற்றி மாதக்கணக்கில் செத்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், நானே கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். தூணில் கோடும் அலை நேரமும் வைத்துக்கொண்டு போகிறவரை "இது எங்கள் வேலை இல்லை" என்று சுலபமாக அனுப்ப முடியாது.

சரி, ஓட்டு விஷயம். நீங்கள் சொல்வது உண்மைதான். 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் மன்றத் தேர்தலே இல்லை, உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆனால் அதே சட்டம் மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது என்கிறது, இது பலருக்குத் தெரியாது. துணைக்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. ஒரு தடவையாவது போய் உட்கார்ந்து பாருங்கள், எந்த உறுப்பினர் வடிகாலைப் பற்றிப் பேசுகிறார், யார் பேசாமலே இருக்கிறார் என்பது தெரியும்.

பணம் எங்கே போகிறது என்பதில் கை வைக்கவும் பினாங்கில் ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 2012-இல் தீவு, செபராங் பிறை ஆகிய இரண்டு மன்றங்களும் பினாங்கு பெண்கள் மேம்பாட்டுக் கழகத்தோடு சேர்ந்து, பாலினப் பார்வையோடு மக்கள் பங்கேற்கும் பட்ஜெட் முறையைத் தொடங்கின. தீவில் சுங்கை சாலை பிபிஆர் (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட) அடுக்குமாடியும் செபராங் பிறையில் அம்பாங்கானும் முதல் இடங்கள். ஆண்கள், பெண்கள், இளையோர் தனித்தனியாகப் பேசி, எதற்கு முதலில் செலவழிப்பது என்று அவர்களே வாக்களித்தார்கள். அப்போது செபராங் பிறையை வழிநடத்திய மைமுனா முகமட் ஷரிப் பிற்பாடு 2018-இல் ஐநா குடியிருப்பு அமைப்பின் தலைவராகவே போனார். நம் ஊரில் நடந்த விஷயம் என்பதால் "எங்கள் அடுக்குமாடிக்கும் இதைச் செய்யுங்கள்" என்று தைரியமாகக் கேட்கலாம். ஆண்டு பிறந்தபின் கேட்டால் பணம் ஏற்கனவே ஒதுக்கியாகிவிட்டது என்பார்கள். ஆண்டின் நடுப்பகுதியிலேயே எழுத்தில் போய்விட வேண்டும்.

இன்னொரு பெரிய பணமும் இருக்கிறது. பினாங்கின் இயற்கைசார் பருவநிலைத் தகவமைப்புத் திட்டம், உலக அளவிலான தகவமைப்பு நிதியத்திலிருந்து ஒரு கோடி அமெரிக்க டாலர் பெற்றது. ஜார்ஜ்டவுனிலும் பாயான் லெப்பாசிலும் மரங்கள், தெருத் தோட்டங்கள், மழைநீரைத் தாங்கும் இடங்கள் என்று அதன் வேலைகள். நகரப் புத்துயிர்ப்பு வேலை செய்யும் திங்க் சிட்டி நிறுவனமும் மாநகர் மன்றமும் வடிகால் துறையும் அதில் சேர்ந்திருக்கின்றன. உங்கள் பகுதிக்கு ஏதாவது வருகிறதா என்று மன்ற உறுப்பினரிடம் நேராகவே கேளுங்கள்.

மரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. புது மரம் நடுவதைவிட இருக்கிற பெரிய மரத்தைக் காப்பது பல மடங்கு பயன், ஒரு கன்று அந்த நிழலைத் தர இருபது வருஷம் ஆகும். நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை மன்றத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. செத்த மரம், ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தையல் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உங்கள் தெருவில் உள்ள மரங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்து, படத்தோடு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ரம்பத்தோடு ஆள் வந்து நிற்கும்போது அந்தப் பட்டியல் கையில் இருந்தால் அனுமதிக் கடிதத்தைக் கேட்பது சுலபம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உள்ளூர்த் திட்டம். எங்கே கட்டடம் வரலாம், எங்கே திடல் இருக்கவேண்டும், எந்தக் குன்றைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில்தான். பினாங்கில் கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலமும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் கவனத்துக்குரிய குன்றுநிலம், அங்கே மண்ணை வெட்டினால் சேறு வந்து நிற்பது கீழே உள்ள உங்கள் லோங்காங்கில்தான். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் பக்கத்து நிலத்தில் கட்டடம் வந்தால் அண்டை நில உரிமையாளருக்கு அறிவிப்பு வரும், ஆட்சேபிக்க 21 நாள். திட்டம் நடப்பில் இருக்கும் இடத்தில் அந்த அறிவிப்பு கட்டாயமில்லை. ஆகவே திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, அல்லது பிற்பாடு திருத்தும்போது, குறைந்தது நான்கு வாரம் கிடைக்குமே, அப்போதுதான் பேசியாக வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஒரு முறை அப்படி வந்த அறிவிப்பு ஒன்று தபால் பெட்டியில் விளம்பரத் தாள்களுக்கு நடுவே கிடந்து, கடைசி நாள் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றுவரை அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை, அதனால்தான் தபால் பெட்டியைப் பார்க்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள் என்று போகும் இடமெல்லாம் சொல்கிறேன்.

அப்புறம் குப்பை. தீவின் குப்பையும் கடல் தாண்டி நிபோங் திபால் பக்கம் புலாவ் பூரோங் குப்பைக்கிடங்குக்குத்தான் போகிறது. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து எரிந்ததை நினைத்துப் பாருங்கள். சோறு, காய்கறிக் கழிவு மண்ணுக்கடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன், நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும். பினாங்கில் குப்பையைப் பிரித்துப் போடும் கொள்கை 2016 ஜூனில் தொடங்கியது, ஆனால் அடுக்குமாடிகளில் ஒரே தொட்டி இருந்தால் யார் பிரிப்பது? நிர்வாகக் குழுவின் ஆண்டுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு தைப்பூசம். தண்ணீர்ப் பந்தல் போட மன்ற அனுமதி வாங்குகிறோம் அல்லவா, அந்த விண்ணப்பத்தோடேயே "வாழையிலை, சோறு, காய்கறிக் கழிவைத் தனித் தொட்டியில் தருகிறோம், உரமாக்க எடுத்துப் போங்கள்" என்று ஒரு கடிதம் இணைக்கலாம். வெள்ளி ரதம் போனபின் தெருவில் குவியும் தேங்காயைத் தனியாகச் சேர்க்க வேண்டும், ஓடும் நாரும் சீக்கிரம் மக்காது. ஒரு பந்தல் செய்தால் அடுத்த வருஷம் பக்கத்துப் பந்தல் கேட்கும்.

மன்றம் தகவல் கொடுக்க மறுத்தால் பினாங்கில் 2015 முதல் நடப்பில் இருக்கும் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம், கட்டணம் உண்டு.

கடைசியாகக் கடிதத்தைப் பற்றி. மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் உதவுவார்கள். ஒரு வீட்டுக் கடிதத்தைவிட முப்பது கதவு எண்களும் கையெழுத்தும் உள்ள கடிதத்துக்குக் கனம் அதிகம். இரண்டு பிரதி கொண்டு போய், உங்கள் பிரதியில் தேதியோடு 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) என்று சாப்பு, அதாவது முத்திரை, அடித்துத் தரச் சொல்லுங்கள். சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கும் ஒரு நகல். வருகிற அமாவாசைக்குள் தூணில் கோட்டைப் போட்டுவிட்டு எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள், எந்தத் துறைக்கு எழுதுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.