செரோக்கி பர்ப்பிள்: பூ உதிர்வதும் பழம் வெடிப்பதும்

வணக்கம். டாலஸில் 20 லிட்டர் தொட்டியில் வைத்த செரோக்கி பர்ப்பிள் தக்காளிச் செடி ஜூலையில் பூத்துக் குலுங்கியும் பூவெல்லாம் உதிர்கிறது, தங்கிய நாலு பழமும் வெடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

பூ உதிர்வது உரக் குறையால் அல்ல, வெப்பத்தால். பகல் 95, இரவு 75 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் மகரந்தம் செயலிழந்துவிடும். காம்பு மஞ்சளாகிப் பூ விழும். பெரிய பழம் தரும் பாரம்பரிய ரகங்களில் இது இன்னும் அதிகம். இப்போது தழைச்சத்து போடவே போடாதீர்கள், இலைதான் மண்டும். மதிய வெயிலுக்கு 30-40 சதவீத நிழல்வலை, தொட்டி மண்மேல் மூன்று அங்குல வைக்கோல் மூடாக்கு போதும். தயவுசெய்து செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்! செப்டம்பரில் இரவு குளிர்ந்ததும் மறுபடி பிஞ்சு பிடிக்கும், நவம்பர் உறைபனிக்குள் பறிக்கலாம்.

வெடிப்பு தண்ணீரால். வறண்ட மண்ணில் ஒரேயடியாக ஊற்றினால் சதை வீங்கும், தோல் ஈடுகொடுக்காது. தினமும் காலையில் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். கடும் வெயிலில் மாலையும் ஒருமுறை.

முழுச் சிவப்புக்கும் காத்திருக்காதீர்கள். இந்த ரகத்தில் காம்போரம் பச்சையாகவே நிற்கும். அடிப்பாகம் மங்கிய ரோஜா நிறமாகி, அழுத்தினால் லேசாக நெகிழ்ந்ததும் பறித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மணம் போய்விடும். ரசத்தில் கரைக்க மனம் வராத பழம் இது: தடியாக வில்லை போட்டு, கல்லுப்பைப் பொடித்துத் தூவி அப்படியே சாப்பிடுங்கள்.