'அலப்பாதேயுங்கள்': மூலத்தில் இருக்கும் வினைச்சொல் எது?

கேள்வி: சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். மத்தேயு 6:7-இல் நம் பழைய மொழிபெயர்ப்பு 'வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்' என்கிறது. ஆங்கிலத்தின் கிங் ஜேம்ஸ் பைபிளிலோ 'வீணாகத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள்' என்ற பொருள் வருகிறது. இதைக் காட்டி, ஜெபமாலை சொல்லும் என் மைத்துனியிடம் 'இது வேதத்துக்கு விரோதம்' என்று ஒருவர் சொல்லிவிட்டார். கிரேக்கத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?

பதில்: அங்கே இருப்பது 'பத்தலொகேயோ' என்ற வினை. (முதல் எழுத்தை 'பஸ்' என்பதில் வருவதுபோல உச்சரியுங்கள்.) புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. லூக்கா 11:2-இல் 'பேசா' (Bezae) எனப்படும் பழைய கையெழுத்துப் படி மட்டும் இதைச் சேர்த்திருக்கிறது. அது மத்தேயுவிலிருந்து போனது என்பது பார்த்தாலே தெரியும். வெளியே தேடினாலும் பெரிதாகக் கிடைக்காது. 6-ஆம் நூற்றாண்டில் எபிக்டேட்டஸ் என்ற தத்துவஞானியின் நூலுக்கு உரை எழுதிய சிம்ப்ளீசியஸ், வளவளவென்று பேசுவது என்ற பொருளில் இதைக் கையாள்கிறார்.

இவ்வளவு அரிதான சொல்லுக்குப் பொருள் காண, அதைப் பிரித்துப் பார்ப்பது ஒரு வழி. பின்பாதியில் சிக்கல் இல்லை, 'பேசுதல்'. முன்பாதியான 'பத்த' வெறும் ஒலிக்குறிப்பு என்பதே என் கணிப்பு. நாம் தொணதொண, லொடலொட என்கிறோமே, அந்த வகை. திக்கிப் பேசுவதற்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த 'பத்தரிட்ஸோ' என்ற வினையிலும் இதே ஒலிதான்.

பத்தோஸ் என்ற ஆளின் பெயரிலிருந்து வந்தது என்று பழைய அகராதிக்காரர்கள் சொல்வார்கள். கதை சுவையானதுதான். லிபியாவில் கிரேனே நகரை நிறுவிய பத்தோஸுக்குத் திக்குவாய். குரலுக்கு வழி கேட்டு, குறி சொல்லும் டெல்பி கோயிலுக்குப் போனவரிடம், லிபியாவில் போய்க் குடியேற்றம் அமை என்று வாக்கு வந்ததாம். ஆனால் இதைச் சொல்லும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே, திக்குவாயால் அந்தப் பெயர் வரவில்லை, லிபிய மொழியில் அரசனுக்கு 'பத்தோஸ்' என்று பெயர் என்கிறார். வகுப்பில் கதையாகச் சொல்லலாம், ஆதாரமாக வைக்க வேண்டாம்.

இன்னொரு வழி, அந்த வசனத்தையே முழுதாகப் படிப்பது. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். அடுத்த வரியே காரணம் சொல்கிறது: 'அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படுமென்று நினைக்கிறார்கள்.' 'அதிக வசனிப்பு' என்பது கிரேக்கத்தில் 'பொலுலொகியா', அதாவது மிகுபேச்சு. ஆகவே இங்கே குற்றம் வார்த்தைக் குவியலும், குவித்தால் பலிக்கும் என்ற எண்ணமும். ஒரே சொல்லை இரண்டாம் முறை சொல்வதற்குக் கிரேக்கத்தில் நேரான வினை உண்டு. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் ஆகமம் 7:14 'ஜெபத்தில் சொன்னதையே சொல்லாதே' என்பதற்கு அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. மத்தேயு அதை எடுக்கவில்லை.

அப்புறம், மத்தேயு 26:44-ஐயும் பாருங்கள். கெத்செமனேயில் இயேசு மூன்றாம் முறையும் 'அந்த வார்த்தைகளையே' சொல்லி ஜெபித்தார் என்று அதே நூல் எழுதுகிறது. திரும்பச் சொல்வதே தவறு என்றால் இந்த வசனத்தை என்ன செய்வது? அதற்காக, அந்தச் சொல்லில் திரும்பச் சொல்லுதல் என்ற சாயலே இல்லை என்றும் சாதிக்க முடியாது. பிதற்றுகிறவன் சொன்னதையேதான் சொல்வான். கிரேக்க அகராதிகளும் அந்தப் பொருளைத் தருகின்றன. ஆனால் அது சாயல், மையம் அல்ல.

ஆங்கில மொழிபெயர்ப்புகளில், 1526-இல் வில்லியம் டின்டேல் 'அதிகம் பிதற்றாதீர்கள்' என்றே போட்டார். 'திரும்பத் திரும்ப' என்பது 1560-இன் ஜெனீவா பைபிளில் இருந்தது. 1611-இல் கிங் ஜேம்ஸும் அதையே வைத்துக்கொண்டது. தமிழில் 'அலப்பாதேயுங்கள்' அருமையான தேர்வு. அலப்புதல் என்றால் பிதற்றுதல்தானே. கத்தோலிக்கர் படிக்கும் பொது மொழிபெயர்ப்பும் 'பிதற்ற வேண்டாம்' என்கிறது. இந்த இடத்தில் ஆங்கிலத்தை வைத்துத் தமிழைத் திருத்தப் போகாதீர்கள்.

மைத்துனி விஷயத்துக்கு வருகிறேன். ஜெபமாலை சரியா என்பது இறையியல் கேள்வி, அதை உங்கள் போதகரும் அவருடைய பங்குத்தந்தையும் பேசட்டும். இந்த ஒரு வினையை மட்டும் வைத்து அதைத் தடுக்க முடியாது, அவ்வளவுதான்.

அகராதியில் நீங்களே பார்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மிகப் பழைய கையெழுத்துப் படிகளான சினாய், வத்திக்கான் படிகளில் இந்த வினையின் நடு உயிர் 'அ'. பிற்காலப் படிகள் பெரும்பாலும் 'பத்தொலொகேயோ' என்று 'ஒ' போட்டு எழுதுகின்றன. லிடெல்-ஸ்காட் என்ற கிரேக்க-ஆங்கில அகராதியில் தலைச்சொல் 'ஒ'வோடுதான் இருக்கிறது. 'அ'வில் தேடிவிட்டு இல்லையென்று மூடிவிடாதீர்கள்.