மினியேச்சர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, களம் அமைத்து ஆட ஆசை. சென்னையில் குறைந்த செலவில் எங்கிருந்து தொடங்குவது?

பொம்மை வாங்குவதற்கு முன் களத்தைக் கட்டுங்கள், அதாவது பொம்மை வீரர்கள் மோதும் மேசைப் போர்க்களத்தை. என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒரு பெட்டி வார்ஹாமர் பொம்மை, ஒரு செட் சிட்டாடல் அல்லது வயேஹோ பெயின்ட் என்று தேடிப் போய், விலையைப் பார்த்ததும் ஆசையையே விட்டுவிட்டவர்கள் நிறைய பேர். களம் மட்டும் தயாராக இருந்தால் அட்டையில் வெட்டி நிறுத்திய ஆட்களை வைத்தே முதல் ஆட்டத்தை ஆடிவிடலாம். பொம்மைகள் ஒவ்வொன்றாக வந்து சேரட்டும்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். எங்கள் பக்கம் கேரம் போர்டு இல்லாத தெரு கிடையாது, அதுதான் உங்கள் மேசை. போட்டி அளவுள்ள போர்டில் ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம், அதாவது சுமார் 29 அங்குலம். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பேர் மோதும் சின்ன ஆட்டங்களுக்கு 2 அடிக்கு 2 அடி இருந்தாலே போதும். சுற்றிலும் சட்டம் இருப்பதால் டைஸ் உருண்டு கட்டிலுக்கு அடியில் போகாது. போர்டின் வழவழப்பு கெடாமல் மேலே ஒரு பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

களத்துக்கு முதலில் செய்ய வேண்டியது சரக்குக் கன்டெய்னரின் மாதிரி. துறைமுகத்துக்குள் போவதற்காக எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 20 அடி கன்டெய்னரின் நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44, உயரம் 2.59. 28 மி.மீ. ரக பொம்மைகளுக்கு (ஓர் ஆளின் உயரம் ஏறக்குறைய அவ்வளவு) சுமார் 56இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் நீளம் 10.8 செ.மீ., அகலம் 4.4, உயரம் 4.6 வரும். அதன் பின்னால் ஒரு வீரன் முழுசாக மறையலாம். இரண்டை அடுக்கினால் மேலே ஏறிச் சுடுகிறவனுக்கு இடம் ஆயிற்று.

சன்போர்டில் (லேசான ஃபோம் பலகை) பெட்டியைச் செய்து, வீட்டுக்கு வரும் பார்சல் அட்டைப்பெட்டியின் மேல்தாளை லேசாக நனைத்து உரியுங்கள். உள்ளே இருக்கும் நெளிவுதான் கன்டெய்னர் சுவர். நெளிவு மேலிருந்து கீழாக ஓடும்படி ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். கதவுக் கம்பிக்கு ஊதுபத்திக் குச்சி. அட்டை, போர்டு வகைகளுக்குப் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்.

அப்புறம் துரு. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், வடசென்னைக்காரர்களுக்கு இதில் பெரிய வாய்ப்பு இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். துருவை வரைய வீடியோ வேண்டாம், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். உப்புக் காற்று பட்ட இரும்பில் ஈரம் சீக்கிரம் காயாது, அதனால் துரு வேகமாக ஏறும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறாது. பெயின்ட் கீறிய இடம், வெல்டிங் மூட்டு, போல்ட்டின் அடிப்பக்கம், தண்ணீர் தேங்கும் கீழ் விளிம்பு, இங்கெல்லாம்தான் ஆரம்பிக்கும். பழைய துரு கருத்த பழுப்பு, புதுசு ஆரஞ்சு. அதனால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜில் ஒரு துண்டைக் கிள்ளி, பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) தொட்டு, காகிதத்தில் ஒற்றியெடுத்து, அந்த இடங்களில் மட்டும் தட்டுங்கள். அதன் நடுவே கொஞ்சம் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ஆரஞ்சு. கடைசியில் அதையே தண்ணீர் போல் கரைத்து, மழைநீர் வழிந்த தடம் மாதிரி மேலிருந்து கீழே ஒரு கோடு இழுங்கள். கேமல் அல்லது ஃபெவிக்ரில் அக்ரிலிக்கே இதற்கெல்லாம் போதும்.

தரைக்கு மணல் ஒட்டும்போது கடற்கரை மணலை அப்படியே போடாதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, நாளடைவில் பெயின்ட்டை உரித்துவிடும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் வீடு கட்டும் இடத்து மணலைச் சலித்துக்கொள்ளலாம். தெர்மாகோலில் பாறை, சுவர் செய்தால் அதன்மேல் நேராக ஸ்பிரே பெயின்ட் அடிக்கக் கூடாது, கரைந்துவிடும். கறுப்பு அக்ரிலிக்கையும் ஃபெவிகாலையும் கலந்து முதலில் ஒரு கோட்டிங் கொடுங்கள்.

பொம்மைக்கு வருவோம். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு. குளிர் நாட்டுக்காரர்கள் ஸ்பிரே பிரைமரைத்தான் சொல்வார்கள். இங்கே மழைக்காலப் புழுக்கத்தில் அது பொடி பூத்தது போல் ஆகிவிடும், கடைசியில் பாதுகாப்புக்கு அடிக்கும் மேட் வார்னிஷ் ஸ்பிரேயும் வெளுத்துப்போகும். பிரஷ்ஷால் பூசும் பிரைமர் எந்த மாதத்திலும் கைகொடுக்கும். வெயில் காலத்தில் பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடாமல் இருக்க, அதை ஈரமாகவே வைத்திருக்கும் வெட் பேலட் வைத்துக்கொள்ளுங்கள்: மூடியுள்ள டிபன் டப்பா, அதில் நனைத்த டிஷ்யூ, மேலே கேக் வேகவைக்கும்போது அடியில் போடும் காகிதம். தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து இரண்டு மூன்று முறை மெல்லப் பூசுங்கள். மிக மெல்லிய மூன்று சைபர் (000) பிரஷ் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம், நுனி கூராக இருக்கும் 1ஆம் நம்பர் நன்றாகவே வரும்.

கண்ணைப் பற்றி ஒன்று. சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலை என்பது நம் வழக்கம். இந்த அளவு பொம்மைக்கு நான் கண்ணைத்தான் முதலில் முடிப்பேன். வெள்ளை, நடுவில் கறுப்புப் புள்ளி, வெளியே வழிந்ததைத் தோல் நிறத்தால் மூடிவிடலாம். கை நடுங்காமல் பிடிப்பதற்கு, விநாயகர் சதுர்த்திக்கு முன் கொசப்பேட்டை போய் அங்கே வண்ணம் தீட்டுகிறவர்களின் கையைக் கவனியுங்கள். மணிக்கட்டுக்கு எங்கே ஊன்றுகோல் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

சரி, விதிப்புத்தகம்? ஒன் பேஜ் ரூல்ஸ் தளத்தில் அடிப்படை விதிகள் இலவசம், எந்தக் கம்பெனி பொம்மையையும் வைத்து ஆடலாம். கேரம் ஆட வருகிற நண்பர்களில் ஒருவரைப் பிடித்து, இரண்டு கன்டெய்னர் முடிந்த அன்றைக்கே முதல் ஆட்டத்தைப் போடுங்கள்.