மாட்டுக் கொட்டகைக்கு புல்டாக் சரிப்படுமா?

கேள்வி: நாலு கறவை மாடு, முப்பது வெள்ளாடு வைத்திருக்கிறோம். ராத்திரியில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து குட்டிகளைக் கடித்துப் போடுகின்றன. பெங்களூரில் இருக்கும் மச்சான் ஒரு புல்டாக் குட்டி தருகிறேன் என்கிறார். காளையையே அடக்கும் நாயாம். வாங்கலாமா?
– அணைக்கட்டு வாசகர்

பதில்: வேண்டாங்க. எந்த புல்டாக் என்று மச்சானிடம் கேட்டீர்களா? ஒன்று இங்கிலீஷ், இன்னொன்று அமெரிக்கன். இரண்டுமே உங்களுக்கு உதவாது, காரணம்தான் வேறு வேறு.

சப்பை மூக்கும் தொங்கு கன்னமுமாக இருப்பது இங்கிலீஷ் புல்டாக். காளையை அடக்கியது இதன் முப்பாட்டன். இங்கிலாந்தில் காளையைக் கட்டிப்போட்டு, நாயை ஏவி மூக்கைக் கவ்வவிட்டு வேடிக்கை பார்த்தார்கள் (நம் பக்கத்து எருது விடும் விழாவில் காளைக்கு ஓடவாவது வழி உண்டு), 1835-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதற்கப்புறம் வளர்த்தவர்கள் முரட்டுக் குணத்தைக் குறைத்து முகத்தைச் சப்பையாக்கிக்கொண்டே போனதில், இன்றைக்கு இருப்பது குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், பிடிவாதம் பிடித்த ஒரு சோம்பேறி. கடிக்குமோ என்றுகூடப் பயப்பட வேண்டாம், வெயில்தான் பயம். நாய்க்கு உடம்புச் சூடு தணிவது முக்கியமாக மூச்சிரைப்பதில்தான், அந்த மூச்சுக்கே இதற்கு வழி குறுகல். வேலூர் கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டினால் மயங்கி விழும், செத்தும் போகலாம்.

அமெரிக்கன் புல்டாக் சங்கதி வேறு. கால் நீளம், நல்ல ஓட்டம், ஆண் நாய் ஐம்பது கிலோவைத் தொடும். அமெரிக்காவின் தென்மாநிலப் பண்ணைகளில் திமிறும் மாட்டையும் காட்டுப்பன்றியையும் கவ்விப் பிடித்து நிறுத்தத்தான் வைத்திருந்தார்கள். வீட்டு ஆட்களிடம் பாசமாக இருக்கும், தைரியத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் ரத்தத்தில் இருப்பது கவ்விப் பிடிக்கும் வேலை. மந்தைக்குக் காவல் கிடக்கும் குணம் தனி. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் கன்றைப் பார்த்தால் பாயத்தான் தோன்றும், ஆட்டின் காதையோ மாட்டின் மூக்கையோ பிடித்தால் லேசில் விடாது. மிரண்ட மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பழக்கத் தெரிந்தவர் கையில் நல்ல நாய்தான், பால் கறக்கிற அவசரத்தில் யார் பழக்குவது? போதாக்குறைக்கு, 2024-இல் மத்திய அரசு தடை செய்யச் சொன்ன 23 இனங்களில் இதுவும் ஒன்று. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது, இருந்தாலும் அந்த வம்பு நமக்கு எதற்கு?

நாட்டு நாய் என்றதும் ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஓடாதீர்கள், அவை வேட்டைக்கு வளர்த்தவை, ஓடுவதைத் துரத்தும். உங்கள் ஊரிலேயே ஆடு மேய்ப்பவர் பின்னால் போகும் பெட்டை நாய் குட்டி போட்டிருந்தால், அதில் இரண்டு கேளுங்கள். ஒற்றை நாயால் ஒரு கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. பால் மறந்ததும், எட்டு வாரத்திலேயே, பட்டிக்குள் ஒரு மூலையில் தடுப்பு வைத்து ஆடுகளின் வாசத்திலேயே வளர்க்க வேண்டும். குட்டி எதைத் தன் கூட்டமாக நினைக்கும் என்பது பெரும்பாலும் மூன்று, நாலு மாதத்துக்குள் முடிவாகிவிடும். குட்டி ஆட்டோடு விளையாட்டுக்குக்கூடக் கடித்து இழுக்க விடாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து இரண்டும் கட்டாயம். ஆடு அறுத்தால் குடல், ஈரலைப் பச்சையாகப் போடாதீர்கள், அதிலிருக்கும் நாடாப்புழுக் கட்டி நாய் வழியாக ஆட்டுக்கும் உங்களுக்கும் வரும்.

குட்டி வளர்ந்து காவலுக்கு நிற்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் பட்டியைச் சுற்றி ஆறடிக் கம்பிவலை, அடியில் ஓரடி மண்ணுக்குள் புதைத்து. இதற்கு நடுவில் மறுபடி ஆடு செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். தெருநாய் கடித்துச் சாகும் கால்நடைக்கு இழப்பீடு தருவதாக 2025-இல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது, போட்டோ எடுத்து, கால்நடை மருத்துவரை வரவழைத்துக் காட்டி எழுதி வாங்கிய பிறகு புதையுங்கள்.