வாசகர் கேள்வி பதில்: எஸ்பெரன்ஸ் கடலும் கேப் லே கிராண்ட் காடும்

போன இதழ்ல மேற்கு ஆஸ்திரேலியாவோட தென்கரை பத்தி நாலு வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு இத்தனை கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. பாதிக்கு மேல பெர்த்ல பிள்ளைங்க இருக்கிற அப்பா அம்மாக்கள் எழுதினது. அதுல ஒரு அஞ்சு கேள்விக்கு இந்தத் தடவை பதில் சொல்றேன்.

கேள்வி: மகன் பெர்த்ல இருக்கான், டிசம்பர்ல நாங்க ரெண்டு பேரும் போறோம். எஸ்பெரன்ஸ்னு ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்ங்கிறான், 700 கிலோமீட்டருக்கு மேலயாம். கடல் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? எங்க ஊர்ல இல்லாத கடலா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: போகணும்மா, கண்டிப்பா போகணும். ஆனா ஒரே நாள்ல போயி மறுநாளே திரும்புற மாதிரி வேண்டாம், அது உங்க ரெண்டு பேர் முதுகுக்கும் ஆகாது. போற வழியில ஹைடன்ல ஒரு ராத்திரி தங்குங்க, அங்க வேவ் ராக்னு ஒரு பாறை, 15 மீட்டர் உயரம், 110 மீட்டர் நீளம், அலை எழும்பி அப்படியே உறைஞ்சு நின்ன மாதிரி இருக்கும். அதைப் பார்த்துட்டு மறுநாள் லேக் கிங்ங்கிற ஊர் வழியா இறங்குனா எஸ்பெரன்ஸ். ஊர்ல இருந்து கிழக்கே 50 கிலோமீட்டர் போனா கேப் லே கிராண்ட் தேசியப் பூங்கா, அதுக்குள்ளதான் லக்கி பேங்கிற கடற்கரை இருக்கு. அதுவரைக்கும் தார் ரோடுதான், மகன்கிட்ட சின்ன கார் இருந்தாலே போதும்.

நீங்க கடலோரமே வளர்ந்தவங்க, அதனால உங்ககிட்ட தண்ணியோட நிறத்தைப் பத்திச் சொல்லி ஆகப்போறது ஒண்ணும் இல்ல, மணலைச் சொல்றேன். லக்கி பேயில செருப்பைக் கழட்டிட்டு காய்ஞ்ச மணல்ல நடங்க, ஒவ்வொரு அடிக்கும் கீச்சு கீச்சுன்னு சத்தம் போடும். ஒரு கை அள்ளிப் பாருங்க, சலிச்ச கோலமாவு மாதிரி ஒரே சீரா, வெள்ளையா இருக்கும். கிட்டத்தட்ட முழுக்க குவார்ட்ஸ்ங்கிற படிகக்கல் துகள், தூசி கிடையாது, அதனால ஒண்ணோட ஒண்ணு உரசி அந்தச் சத்தம். எனக்குப் பத்து வருஷமா கேட்டும் அலுக்கல.

காலைல சீக்கிரம் போனீங்கன்னா கங்காரு மணல்லயே உக்காந்திருக்கும், கரை ஒதுங்குன கடல்பாசியைத் தின்னுட்டு. குட்டி பையில இருந்து தலையை நீட்டிப் பார்க்கும். பாவமா இருக்கேன்னு பிரெட்டோ பிஸ்கட்டோ போட்றாதீங்கம்மா, அது அதுங்க வாயையும் வயித்தையும் கெடுத்துடும், மனுஷனைக் கண்டா கைய நோண்டுற பழக்கமும் வந்துடும்.

ரெண்டு ராத்திரியாவது எஸ்பெரன்ஸ்ல தங்குங்க. டிசம்பர் அங்க கோடை, மதியத்துக்கு மேல காத்து வீசுற வீச்சுல மணல் முகத்துல அடிக்கும், அதனால கடலுக்குக் காலைல, மதியம் ரூம்ல ஓய்வு, சாயங்காலம் ஊருக்குப் பக்கத்துலயே கிரேட் ஓஷன் டிரைவ்னு 40 கிலோமீட்டர் சுத்துப் பாதை இருக்கு, ட்விலைட் பீச் எல்லாம் அதுலதான் வரும். தண்ணி சில்லுனு இருக்கும், நம்ம கடல் மாதிரி நினைக்காதீங்க. வெயில் உறைக்காத மாதிரி இருக்கும், தோல் மட்டும் வெந்துடும், தொப்பியும் சன்ஸ்க்ரீனும் மறக்காதீங்க.

கேள்வி: அண்ணா, நாங்க நாலு பசங்க பெர்த்ல படிக்கிறோம். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு கிளம்பி ராத்திரியே ஓட்டிட்டுப் போயி ஞாயித்துக்கிழமை திரும்பிடலாமா? வாடகைக் கார்.
– வாசகர், பெர்த்

பதில்: வேண்டாம் தம்பி. இந்த ஒரு பதிலை மட்டும் நாலு பேரும் சேர்ந்து உக்காந்து படிங்க.

பொழுது சாயுற நேரமும் விடியுற நேரமும்தான் கங்காரு ரோட்டோரம் மேய வரும். லைட் வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்காது, குறுக்கதான் பாயும். நான் ஒரு தடவை நண்பரோட வண்டியில பக்கத்து சீட்ல இருந்தேன், இருட்டிக்கூட முடியல, ஏதோ சாம்பலா ஒண்ணு தெரிஞ்சுது, தெரியுறதுக்குள்ள தொம்முன்னு ஒரு சத்தம். பானெட் மடங்கி, ரேடியேட்டர் உடைஞ்சு, போன்ல சிக்னல் இல்லாம, அடுத்த வண்டி வர்ற வரைக்கும் அந்த இருட்டுல நின்னோம். செத்துக்கிடந்த அந்த உயிரைப் பார்க்கவும் முடியல, பார்க்காம இருக்கவும் முடியல. அன்னைக்கு நண்பர் செஞ்ச ஒரே நல்ல காரியம் ஸ்டியரிங்கை ஒடிக்காம நேரா பிரேக் போட்டதுதான். ஒடிச்சிருந்தா மரத்துல மோதியிருப்போம், இல்ல வண்டி உருண்டிருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, குறுக்க எது வந்தாலும் நேரா பிரேக், ஒடிக்காதீங்க.

வாடகைக் கார் காகிதத்தை முழுசா படிங்க, நிறைய கம்பெனி ஊருக்கு வெளிய ராத்திரி ஓட்டுனா இன்சூரன்ஸ் கிடையாதும்பாங்க, மண் ரோட்டுக்கும் அதே கதைதான். அந்த ரோடுங்கள்ல ரோடு ட்ரெயின் ஓடும், ஒரு லாரிக்குப் பின்னால இன்னொரு லாரியைக் கோத்த மாதிரி, ஓவர்டேக் பண்ண ரொம்ப தூரம் காலி ரோடு வேணும். பெட்ரோல் பாதி டேங்க் ஆனதுமே அடுத்த ஊர்ல ரொப்பிக்கோங்க. குடிக்கத் தண்ணி வண்டியிலயே இருக்கணும். நாலு நாள் லீவு கிடைக்கும்போது போங்க தம்பி, கடல் எங்கயும் ஓடிடாது.

கேள்வி: ஆறு வயசுலயும் ஒன்பது வயசுலயும் ரெண்டு பிள்ளைங்க. பாறை மேல நின்னு எடுத்த போட்டோ எல்லாம் அழகா இருக்கு. பிள்ளைங்களோட போறது பத்திரமா? சுறா பயம் வேற.
– வாசகி, மெல்பர்ன்

பதில்: சுறா இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். எஸ்பெரன்ஸ் பக்கத்துக் கடல்ல 2017லயும் 2020லயும் சர்ஃப் பண்ணப் போனவங்களைச் சுறா கொன்னிருக்கு. அதனால சுறா நடமாட்டத்தைச் சொல்ற ஷார்க்ஸ்மார்ட் ஆப்ல பார்த்துட்டு, ஆழத்துக்குப் போகாம, முட்டியளவு தண்ணியில விளையாட விடுங்க. அதே பூங்காவுல இருக்கிற ஹெல்ஃபயர் பே, பேரைக் கேட்டா பயமா இருக்கும், ஆனா அமைதியான நாள்ல பிள்ளைங்களுக்கு அது மாதிரி ஒரு இடம் கிடையாது. பூங்காவுக்குள்ள லைஃப்கார்ட் யாரும் நிக்க மாட்டாங்க, பிள்ளைங்க மேல கண்ணு வச்சுக்க வேண்டியது நீங்கதான்.

ஆனா சகோதரி, நான் சுறாவை விடப் பயப்படுறது அந்தப் பாறைக்குத்தான். அந்தக் கரை முழுக்க வழவழன்னு சரிஞ்ச கருங்கல் பாறை, எதிர்ல இருக்கிற சின்னத் தீவுகளைத் தாண்டுனா அண்டார்டிகா வரைக்கும் குறுக்க நிலமே இல்லாத கடல். இருபது நிமிஷம் சின்னச் சின்ன அலையா வந்துட்டே இருக்கும், திடீர்னு ஒண்ணு ஆள் உயரத்துக்கு எழும்பி வரும், அங்க அதை கிங் வேவ்னு சொல்றாங்க. ஒரு வாட்டி நாங்க சாப்பாட்டுத் தூக்கை வச்சுட்டு உக்காந்திருந்த பாறை காய்ஞ்சுதான் இருந்துச்சு. போதும் எழுந்திரிங்கன்னு என் மனைவி சொன்னா, எழுந்து மேல பத்தடி வந்திருப்போம், திரும்பிப் பார்த்தா தூக்கு இல்ல, பாறை முழுக்க நுரை வழியுது. அன்னைக்கு அவ சொல்லலைன்னா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் ராத்திரில நினைப்பு வரும். கறுத்து ஈரமா தெரியுற பாறைக்குக் கிட்டயே போகாதீங்க, காய்ஞ்ச பாறையா இருந்தாலும் தண்ணியில இருந்து தள்ளி, உயரத்துல நில்லுங்க, கடலுக்கு முதுகு காட்டி போட்டோ எடுக்காதீங்க. ஆத்திர அவசரத்துக்கு 000.

பெரியவன் ஏற ஆசைப்பட்டா பூங்காவுக்குள்ளயே ஃப்ரெஞ்ச்மேன் பீக்னு ஒரு மலை இருக்கு, 262 மீட்டர். உச்சிக்குக் கிட்ட மலையைக் குடைஞ்ச மாதிரி ஒரு பெரிய குகை, அதுக்குள்ள நின்னு பார்த்தா கடலும் தீவுகளும் சட்டம் போட்ட படம் மாதிரி தெரியும். கடல் மட்டம் இப்ப இருக்கிறதை விட ரொம்ப உயரமா இருந்த காலத்துல அலை குடைஞ்ச குகைன்னு சொல்றாங்க. மழை பெஞ்சாலோ காத்து பலமா அடிச்சாலோ ஏற வேண்டாம், சின்னவளைக் கீழயே வச்சுக்கோங்க. மலைக்குக் கிளம்புற இடத்துல செருப்பு தேய்க்க பிரஷ் வச்சிருந்தா சோம்பல்படாம தேய்ங்க, வேரை அழுக வைக்கிற ஒரு கிருமி நம்ம காலடி மண்ணுலதான் காட்டுக்குள்ள போகுது, பாங்க்சியா மரம் கூட்டம் கூட்டமா அதால பட்டுப்போயிருக்கு.

கேள்வி: ரோஸ் கலர் ஏரியை அங்க எங்க பார்க்கலாம்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: எஸ்பெரன்ஸ் ஊருக்குப் பக்கத்துலயே பிங்க் லேக்னு போர்டு இருக்கும், அதை நம்பிப் போயி ஏமாந்து வராதீங்க. ரோடும் ரயில் பாதையும் போட்டதுல உப்புத்தண்ணி வரத்து மாறி, உப்பையும் அள்ளி, அது நிறம் போயி வருஷக்கணக்காச்சு. நீங்க படத்துல பார்த்தது மிடில் ஐலண்ட் தீவுல இருக்கிற ஹில்லியர் ஏரியா இருக்கும், 600 மீட்டர் நீளம், 1802ல மேத்யூ ஃபிளிண்டர்ஸ்ங்கிற ஆங்கிலேயக் கடலோடி பார்த்து எழுதி வச்சது. பெரும்பாலும் சின்ன விமானத்துல மேல இருந்துதான் பார்ப்பாங்க. 2022ல பெஞ்ச பெருமழையில உப்பு கரைஞ்சு அதுவும் வெளுத்துப்போச்சு, அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி இப்ப நிறம் எப்படின்னு விமானக்காரங்ககிட்ட கேட்டுடுங்க. ரோஸ் நிறம்தான் முக்கியம்னா பெர்த்துக்கு வடக்கே 500 கிலோமீட்டருக்கு மேல போயி போர்ட் கிரெகரி பக்கத்துல ஹட் லகூனைப் பாருங்க, ரோட்டோரமே இருக்கு.

கேள்வி: கூடாரம் போட்டுத் தங்கலாமா? சமைக்கலாமா? எங்க நாய்க்குட்டியையும் கூட்டிட்டுப் போகலாமா?
– வாசகி, பெர்த்

பதில்: லக்கி பேயிலயும் லே கிராண்ட் பீச்லயும் கேம்ப் இருக்கு, ஆன்லைன்ல முன்கூட்டியே புக் பண்ணணும், பள்ளி லீவுல இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. விறகடுப்பு கூடாது, கேஸ் அடுப்பு வச்சுக்கலாம், தீத்தடை அறிவிச்ச நாள்ல மட்டும் எந்த அடுப்பா இருந்தாலும் கேட்டுட்டுப் பத்த வைங்க. புளியோதரை கட்டிக்கிட்டா முதல் நாள் கவலையே இல்ல.

நாய் வேண்டாம்மா, தேசியப் பூங்காவுக்குள்ள நாய் விடவே மாட்டாங்க. நரியையும் காட்டுப்பூனையையும் ஒழிக்க டென் எய்ட்டின்னு விஷம் கலந்த இறைச்சி காடுகள்ல போடுறாங்க, நாய் ஒரு வாய் தின்னா போச்சு. அதே விஷம் அங்க இருக்கிற சில செடியிலயே இயற்கையா இருக்கு, காலங்காலமா அந்தச் செடிக்கு நடுவுல வாழ்ந்ததால அந்த மண்ணோட மிருகங்களுக்கு அது அவ்வளவா ஏறாது, வெளிய இருந்து வந்த நரிக்கும் நம்ம நாய்க்கும்தான் ஏறும். குட்டியைப் பெர்த்லயே யார்கிட்டயாவது நம்பிக்கையா விட்டுட்டுப் போங்க, தினம் ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்க, சிக்னல் கிடைக்கிற எஸ்பெரன்ஸ் ஊருக்குள்ள வந்ததும் பார்த்துக்கலாம்.