பயணம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: எனக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்திருக்கிறது. மெல்பர்னில் இருக்கும் மகன், எனக்கு மட்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பிசினஸ் கிளாஸும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் வீட்டுக்காரருக்கு எகானமியும் புக் செய்திருக்கிறான். சாங்கி விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவரையும் லவுஞ்சுக்கு (பயணிகள் ஓய்வறைக்கு) அழைத்துப் போகலாமா? மகனிடம் அடிக்கடி விமானத்தில் பறப்பவர்களுக்குத் தரும் கோல்டு கார்டு உண்டு.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியாது, சகோதரி. பிசினஸ் டிக்கெட்டுக்கு லவுஞ்சில் இடம் உங்கள் ஒருவருக்குத்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சேர்ந்திருக்கும் விமான நிறுவனக் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸின் விதிப்படி விருந்தினர் ஒருவரை அழைத்துப்போகும் உரிமை ஃபர்ஸ்ட் கிளாஸ் பயணிக்கும் கோல்டு உறுப்பினருக்கும்தான் உண்டு. அந்த உறுப்பினரும் கூடவே பயணம் செய்ய வேண்டும். மகன் மெல்பர்னில் இருக்க, அவர் கார்டைக் காட்டி நீங்கள் நுழைய வழியில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கும் லவுஞ்ச் வேண்டுமென்றால், சாட்ஸ் பிரீமியர் போல எந்த வகுப்புப் பயணியும் பணம் கட்டி நுழையும் லவுஞ்சுகள் சாங்கியில் உள்ளன. என்னைக் கேட்டால் அதுகூட வேண்டாம். மூன்றாவது டெர்மினலில் பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது, அனுமதி இலவசம். காலை நீட்டிப் படுக்கச் சாய்வு நாற்காலிகளும் உண்டு. ஐந்து மணி நேரமும் இரண்டு பேரும் ஒன்றாக இருங்கள்.

லவுஞ்சைவிட எனக்குக் கவலை அந்த இன்சுலின்தான். விமான நிலையக் கவுன்டரில் வேலை பார்த்தபோது கேட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மனைவி பிசினஸ் கிளாஸ் என்பதால் முதலில் ஏறிவிட்டார். மருந்துப் பை அவர் தோளில். சர்க்கரை நோயாளியான கணவர் எகானமி வரிசையில் நின்றவர், சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜூஸ் கொடுத்து, மனைவியைத் திரும்ப அழைத்து வந்தோம். ஆகவே இன்சுலின், சுகர் பார்க்கும் மெஷின், குளுக்கோஸ், பிஸ்கட், டாக்டர் சீட்டு எல்லாம் உங்கள் வீட்டுக்காரரின் கைப்பையிலேயே இருக்கட்டும். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். உங்களுக்குச் சாப்பாடு வரும் நேரத்தில்தான் அவருக்கும் வரும் என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைத் தட்டு வருவது தெரிந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும். மெல்பர்ன் நேரம் நமக்கு நாலரை மணி நேரம் முந்தி, அவர்கள் கோடையில் ஐந்தரை. அதற்கேற்ப எந்த ஊசியை எப்போது போடுவதென்று புறப்படும் முன் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

வேறு வேறு வகுப்பு என்பதால் பெரும்பாலும் இரண்டு தனித்தனி புக்கிங்காகத்தான் இருக்கும். ஒரு விமானம் ரத்தானால் கம்ப்யூட்டருக்கு நீங்கள் கணவன் மனைவி என்று தெரியாது. இருவரும் சேர்ந்து பயணிக்கிறீர்கள் என்று இரண்டு புக்கிங்கிலும் குறிப்பு எழுதச் சொல்லி மகனைப் போன் செய்யச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிக்கான சாப்பாட்டை அவர் புக்கிங்கில் தனியாகச் சொல்ல வேண்டும். வீல்சேரும் அப்போதே கேட்டுவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, எகானமியிலும் கிடைக்கும். சாங்கியில் வீல்சேர் தள்ளுபவரிடம் முதலிலேயே, "இவரும் என்னோடுதான் வருகிறார்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களை மட்டும் லவுஞ்ச் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

மகனிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். பகல் விமானத்தில் இருவருக்கும் எகானமியும், இரவு விமானத்தில் இருவருக்கும் பிரீமியம் எகானமியும் (எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட வகுப்பு) போட்டால் செலவு எவ்வளவு வரும்? அந்த வகுப்பு எல்லா விமானத்திலும் இல்லை, உங்கள் விமானத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: நாங்கள் இருவரும் பிசினஸ், 9 மற்றும் 6 வயதுக் குழந்தைகள் எகானமி. சரிவருமா?
- வாசகர், கோவை

பதில்: வராது. பெரியவர் வேறு வகுப்பில் இருந்தால், 12 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தனியே பயணம் செய்வதாகவே பல நிறுவனங்கள் கணக்கிடும். ஒருவர் குழந்தைகளோடு எகானமியில் உட்காருங்கள். முன்னால் இருப்பவர் பாதி வழியில் பின்னால் வந்து பார்த்துக்கொள்ளலாம். பின்னால் இருப்பவர்களை முன்னால் விடமாட்டார்கள்.