பட்டா மனு தள்ளுபடி: "ஏன்" என்று கேட்காதீர்கள்

வணக்கம். "பத்திர நகல் மட்டும் போதும்" என்று கிளார்க் சொன்னதை அப்படியே செய்தீர்கள். இப்போது வில்லங்கச் சான்று இல்லையென்று பட்டா மாறுதல் மனுவைத் தள்ளிவிட்டார்கள்; அவரோ "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்கிறார். வேறென்ன சொல்வார்?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். "ஏன் தள்ளினீர்கள்?" என்று கேட்டால், "விளக்கம் தருவது தகவல் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். (நாம் எழுதியதை எழுத்துப் பிசகாமல் படிப்பதில் மட்டும் கெட்டிக்காரர்கள்!) அதனால் கோப்பின் குறிப்புப் பக்கங்கள் (அலுவலர்கள் உங்கள் மனு மேல் எழுதிய குறிப்புகள்), கோப்பு எந்தத் தேதியில் யார் மேசையில் இருந்தது, அவருடைய பெயர், பதவி என்று நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீடு.

அப்புறம், மனுவைத் தள்ளிய தாசில்தார் உத்தரவை எதிர்த்து ஆர்.டி.ஓ.விடம் (வருவாய் கோட்டாட்சியர்) தனியாக அப்பீல் போடுங்கள். தகவல் வரட்டும் என்று அதை நிறுத்தி வைக்க வேண்டாம்.